ரைஃபிள் தோட்டாக் கூடு ஏன் நீள்கிறது, ஏன் பிய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தளைக் கூட்டில் மீண்டும் மீண்டும் வெடிமருந்தேற்றிச் சுடுகிறவர்கள் கேட்பதில் பாதி ஒரே இடத்தில் வந்து நிற்கும்: கூடு ஏன் நீள்கிறது, அடி ஏன் தனியாகப் பிய்ந்து வருகிறது? துப்பாக்கி மீதும் மருந்து மீதும் பழி போடுவது வழக்கம். என்னைக் கேட்டால், பெரும்பாலான கூடுகளைச் சாகடிப்பது, சுட்ட கூட்டை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான சைசிங் டையைத் திருகி இறக்கும் கைதான். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் உட்காரும் தடித்த பகுதி ‘அடி’. குண்டைப் பிடித்திருப்பது ‘கழுத்து’. கழுத்துக்குக் கீழே சரிவது ‘தோள்’. தோளுக்கும் அடிக்கும் நடுவில் உள்ளது ‘உடல்’. மருந்து அளவு எதையும் இங்கே தரவில்லை. அதற்கு உங்கள் தோட்டாவுக்கான அச்சிட்ட கையேட்டைப் பாருங்கள்.

சுடும் நொடியில் கூட்டுக்கு என்ன நேர்கிறது?

ஃபயரிங் பின் என்ற ஊசி பிரைமரில் அடித்ததும் கூடு முன்னால் தள்ளப்பட்டு, அதன் தோள் சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் அறை) தோளில் முட்டி நிற்கிறது. அப்போது கூட்டின் அடிக்கும், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. மருந்து எரியத் தொடங்கி அழுத்தம் ஏறும்போது, முன்பக்கத்து மெல்லிய சுவர் உப்பிச் சேம்பர் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கத்தில் அடி கனமானது. அவ்வளவு எளிதில் உப்பாது, ஒட்டாது. ஆனால் வாயு அதைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்தக் கூட்டின் உள்விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால், அடியின் மேல் விழும் விசை ஏறத்தாழ மூன்று டன்.

முன்பாதியைச் சேம்பர் பிடித்திருக்கிறது, பின்பாதியை மூன்று டன் தள்ளுகிறது. நடுவில் உள்ள பித்தளை இழுபட்டே தீரும். அடி பின்னே வந்து போல்ட் முகத்தில் மோதும்வரை அது நீள்கிறது. ஆக, எவ்வளவு நீளும் என்பதைத் தீர்மானிப்பது முதலில் விழுந்த அந்த இடைவெளிதான். அழுத்தம் அதை நிறைவேற்றுகிறது, அவ்வளவே.

எப்போதும் அதே இடத்தில்தான் பிய்கிறது. ஏன்?

சுவரின் கனம் அடியிலிருந்து கழுத்து நோக்கிப் போகப்போகக் குறைகிறது. கனமான அடி மெல்லிய சுவராக மாறும் இடம், பல ரைஃபிள் தோட்டாக்களில் கூட்டின் அடியிலிருந்து ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. அதற்கு முன்னே உள்ள சுவர் ஒட்டிக்கொண்டது, பின்னே உள்ள அடி இழுபடாத கனத்தில் இருக்கிறது. இழுவை முழுவதும் அந்தக் குறுகிய வளையத்தில் வந்து விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை இழுபட்ட இடம் சற்று மெலிகிறது. அடுத்த முறை மற்ற இடங்களைவிட அங்கேதான் பலம் குறைவு. ஆகவே திரும்பவும் அங்கேயே இழுபடும். கணக்கு இப்படி: இடைவெளி 0.25 மி.மீ., இழுபடும் பகுதி 5 மி.மீ. என்று கொண்டால் ஒவ்வொரு சுடலுக்கும் 5 சதவீத நீட்சி. நான்கைந்து தடவையில் அந்த வளையம் தாங்காமல் போவதில் வியப்பில்லை. அதே இடைவெளியை 0.05 மி.மீ. ஆகக் குறைத்தால் நீட்சி 1 சதவீதம். ஒரே பித்தளை, ஒரே மருந்து, ஒரே துப்பாக்கிதான். ஆயுள் மட்டும் பல மடங்கு மாறிவிடுகிறது.

ஹெட்ஸ்பேஸ் என்பது இந்த இடைவெளியா?

அதோடு நெருங்கிய உறவுள்ளது, ஆனால் அதுவே அல்ல. போல்ட் முகத்திலிருந்து, கூட்டைத் தடுத்து நிறுத்தும் இடம் வரையுள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ். அது துப்பாக்கியின் அளவு. தடுத்து நிறுத்துவது தோட்டாவுக்குத் தோட்டா மாறும். .308, .30-06, .223 போன்ற விளிம்பில்லாத தோட்டாக்களில் தோள்; .303 பிரிட்டிஷ், .30-30 போன்றவற்றில் விளிம்பு; .300 வின்செஸ்டர் மேக்னம் போன்றவற்றில் அடியைச் சுற்றியுள்ள பெல்ட்.

இடைவெளி என்பது துப்பாக்கியின் அளவிலிருந்து கூட்டின் அளவைக் கழித்தால் மிஞ்சுவது. துப்பாக்கியை நீங்கள் மாற்றப்போவதில்லை. கூட்டின் அளவை ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறீர்கள்.

கேஜ் வைத்துப் பார்த்தேன், துப்பாக்கி சரியாக இருக்கிறது. பிறகும் அடி பிய்கிறதே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கேஜ் என்பது ஹெட்ஸ்பேஸைச் சோதிக்கும் அளவுக்கட்டை: ‘கோ’ மீது போல்ட் மூட வேண்டும், ‘நோ-கோ’ மீது மூடக் கூடாது, ‘ஃபீல்ட்’ மீதும் மூடினால் துப்பாக்கியைச் சுடக் கூடாது. .308-க்கு ‘கோ’ கேஜின் நீளம் 1.630 அங்குலம், ‘நோ-கோ’ 1.634, ‘ஃபீல்ட்’ 1.638. உங்கள் துப்பாக்கி 1.633 என்று வைத்துக்கொள்வோம். குறையே இல்லை. ஆனால் டை, தோளை 1.625 வரை பின்னே தள்ளிவிட்டால் இடைவெளி ஆயிரத்தில் எட்டு அங்குலம், அதாவது 0.2 மி.மீ. ஆரோக்கியமான துப்பாக்கிக்கு நீங்களே ஒரு பழுதான ஹெட்ஸ்பேஸ் செய்து கொடுத்துவிட்டீர்கள். சுட்டதும் தோள் முன்னே போய்ச் சேம்பருக்குப் பொருந்துகிறது. மறுபடி டை அதைப் பின்னே தள்ளுகிறது. இந்தப் போக்குவரத்துக்கான பித்தளை அடிக்கு மேலுள்ள அந்த வளையத்திலிருந்துதான் வருகிறது.

டையோடு வரும் காகிதத்தில் பெரும்பாலும் ஒரே அறிவுரைதான் இருக்கும்: கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரை டை தொடும்வரை இறக்கு, அதற்குமேல் கால் சுற்று திருகு. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா உள்ளே போக வேண்டும் என்பதற்காக எழுதிய அறிவுரை அது. உங்கள் துப்பாக்கியை அந்தக் காகிதம் பார்த்ததில்லை.

சரி, டையை எப்படி அமைப்பது?

முதலில் உங்கள் சேம்பரின் அளவு தெரிய வேண்டும். அதைச் சொல்வது சுட்ட கூடுதான். வெர்னியர் காலிப்பரில் மாட்டும் தோள் கம்பரேட்டர் ஒன்று தேவை. அது தோளின் நடுவே குறிப்பிட்ட விட்டமுள்ள இடத்திலிருந்து அடிவரை அளக்கும். பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு அளங்கள். ஃபயரிங் பின் குத்திய இடத்தின் ஓரம் மேடிட்டிருந்தால் அளவு பொய் சொல்லும். ஒரே தடவை சுட்ட கூடு பலசமயம் சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது. இரண்டு மூன்று முறை சுட்டதில் நீளமான அளவை எடுத்துக்கொள்வது நல்லது.

பிறகு டையை வேண்டுமென்றே உயரத்தில் வைத்து ஒரு கூட்டைச் சைஸ் செய்து அளங்கள். பலர் திகைப்பது இங்கேதான்: தோள் பின்னே போவதற்குப் பதிலாக முன்னே வந்திருக்கும். டை உடலை நெருக்கும்போது பித்தளைக்குப் போக வேறு வழியில்லை, தோளை முன்னே தள்ளிவிடும். டையின் தோள் கூட்டின் தோளைத் தொட்ட பிறகே அது திரும்பப் பின்னே வரத் தொடங்கும். ‘அரைகுறையாகச் சைஸ் செய்தேன், போல்ட் மூடவே கஷ்டமாகிவிட்டது’ என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

வழக்கமான டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்கு 1.8 மி.மீ. இறங்கும், பத்து டிகிரி திருகினால் 0.05 மி.மீ. இப்படிச் சிறுகச் சிறுக இறக்கி, ஒவ்வொரு தடவையும் அளந்து, சுட்ட அளவைவிடத் தோள் 0.025 முதல் 0.05 மி.மீ. பின்னே வந்ததும் நிறுத்திப் பூட்டு நட்டை இறுக்குங்கள். கையால் இயக்கும் போல்ட் ரைஃபிளுக்கு இது போதும். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு 0.08 முதல் 0.1 மி.மீ. வேண்டும், காரணம் பின்னால் வருகிறது.

கம்பரேட்டர் இல்லையென்றால், போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டுக் காலிக் கூட்டை வைத்து மூடிப் பாருங்கள். கைப்பிடி தன் எடையில் கீழே விழுந்துவிடும் அளவுக்கு டையை இறக்கினால் போதும். சொல்லப்போனால் அளவுக்கருவியைவிட இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். துப்பாக்கியே நேராகப் பதில் சொல்கிறது.

சுட்டபோது நீளாத கூடு, சைஸ் செய்த பிறகு நீண்டிருக்கிறதே?

நீளும். மேலே சொன்னதுபோல் உடலை நெருக்கும்போது பித்தளை முன்னோக்கி ஓடிக் கழுத்து வழியாக வெளியேறப் பார்க்கும். அதோடு, கழுத்தை விரிப்பதற்காக டைக்குள் இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை திரும்பி வரும்போது கழுத்தை உள்ளிருந்து பிடித்து இழுக்கிறது. உலர்ந்த கழுத்து என்றால் இழுவை இன்னும் அதிகம். தோளைக்கூட முன்னே நகர்த்திவிடும். கழுத்தின் உட்புறம் கொஞ்சம் மசகு தடவினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆகவே நீளத்தை எப்போதும் சைஸ் செய்த பிறகே அளக்க வேண்டும்.

நீண்ட கூட்டை வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

வாய்ப்பக்கத்துச் சிக்கல் தீரும். அடிப்பக்கத்துச் சிக்கல் அப்படியே இருக்கும்.

வாய்ப்பக்கத்தை முதலில் பார்ப்போம். .308 கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம் (51.18 மி.மீ.), வழக்கமாக 2.005-க்கு வெட்டுவார்கள். .30-06-க்கு 2.494, வெட்டுவது 2.484. .223-க்கு 1.760, வெட்டுவது 1.750. இந்த உச்சத்தைக் கூடு தாண்டினால் வாயின் ஓரம் சேம்பரின் கழுத்து முடிகிற படியில் போய் நெருங்கி, குண்டை இறுக்கிக் கவ்விக்கொள்ளும். குண்டு விடுபடத் தாமதமாகும், அழுத்தம் எகிறும். அதே மருந்து அளவுதான், ஆனால் ஆபத்தான அழுத்தம். வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் மூடச் சற்று கனமாக இருந்தது என்பதைத் தவிர எந்த எச்சரிக்கையும் இருக்காது.

அடிப்பக்கம்: டிரிம்மர் வெட்டித் தள்ளும் பித்தளை எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். கூட்டின் எடை கூடவில்லை, சுவர்தான் மெலிந்திருக்கிறது. ஒரு கூட்டை மறுபடி மறுபடி வெட்ட வேண்டிவருகிறது என்றால் வெட்டுவதோடு நிறுத்தாமல் உள்ளே தடவிப் பாருங்கள்.

அடி பிய்யப்போகிறது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

கெட்டியான மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, முனையைக் கூராக்கி, நுனியில் சில மில்லிமீட்டரைச் செங்கோணமாக வளையுங்கள். காகிதக் கிளிப் நிமிர்த்தினாலே போதும். அதைக் கூட்டுக்குள் அடிவரை விட்டு, சுவரோடு ஒட்டி மெதுவாக மேலே இழுங்கள். அடியின் கனம் சுவரோடு சேரும் இடத்தில் வழுவழுப்பான சரிவு தெரிந்தால் கூடு நலம். முனை ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கினால் அது மெலிந்த வளையம். அந்தக் கூட்டின் வேலை முடிந்தது. சுற்றிலும் நான்கைந்து இடத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மெலிவு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

கை பழகச் சிறந்த வழி, பழைய கூடு ஒன்றை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துப் பார்ப்பது. பள்ளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு அதே வகைக் கூட்டில் கம்பியை விட்டால், பிறகு விரலுக்குச் சந்தேகம் வராது. ஒரு தொகுதியில் ஒன்றில் பள்ளம் தெரிந்தால் அதே தொகுதியில் இன்னும் சிலவற்றை அறுத்துப் பார்த்து, அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்குவதே என் வழக்கம். ஒன்றாகச் சுட்டு, ஒன்றாகச் சைஸ் செய்த கூடுகள் ஏறக்குறைய ஒன்றாகவேதான் கெட்டுப்போகும்.

வெளியே பளபளப்பான வளையம் தெரிகிறது. தூக்கி எறிய வேண்டியதுதானா?

உடனே வேண்டாம். டை எந்த இடம்வரை நெருக்கியதோ அங்கே ஒரு பளபளப்பான எல்லைக்கோடு விழும், அது இயல்பு. சுட்டதும் அடிக்கு மேலே வரும் லேசான புடைப்பும் இயல்பு. பயப்பட வேண்டியது, கூட்டைச் சுற்றி மெல்லிய கோடாக, மற்ற பித்தளையைவிட வெளிறித் தெரியும் வளையம். அதில் மயிரிழை விரிசல் இருந்தால் கேள்வியே இல்லை. சந்தேகம் வந்தால் கம்பி சொல்வதையே நம்புங்கள்.

.303 பிரிட்டிஷ் கூடு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

இந்தத் தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளை வடிவமைத்தவர்களுக்கு ரீலோடிங் (கூட்டில் மறுபடி மருந்தேற்றுவது) ஒரு பொருட்டே அல்ல. சேறும் தூசியும் படிந்த தோட்டாவும் உள்ளே போய் வெடித்தாக வேண்டும். அதனால் சேம்பரின் தோளை மிகவும் முன்னே வைத்தார்கள். ஹெட்ஸ்பேஸ் விளிம்பில் இருப்பதால் தோள் எங்கே இருந்தாலும் துப்பாக்கி வேலை செய்யும். ராணுவ அளவில் ஹெட்ஸ்பேஸ் 0.064 முதல் 0.074 அங்குலம் வரை செல்லும். விளிம்பின் உச்ச கனமே 0.064. போதாக்குறைக்கு போல்ட்டின் பூட்டுக் கொம்புகள் பின்பக்கம் இருப்பதால், சுடும்போது போல்ட்டும் சட்டகமும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கின்றன. எல்லாம் சேர்ந்து முதல் சுடலிலேயே கூடு நன்றாக இழுபடும்.

முதல் சுடலில் தோள் முன்னே போவதை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அதைத் திரும்பப் பின்னே தள்ளாமல் இருப்பதே வைத்தியம். கழுத்தை மட்டும் சைஸ் செய்யலாம். அல்லது டையை உயர்த்தி வைத்து, தோளை லேசாகத் தொடும் அளவுக்கு மட்டும் சைஸ் செய்யலாம். அப்போது விளிம்புக்குப் பதில் தோளே கூட்டை நிறுத்தும். புதுக் கூட்டை முதன்முறை சுடும்போது விளிம்புக்கு முன்னால் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டி, கூட்டைப் போல்ட் முகத்தோடு அழுத்தி வைக்கும் பழக்கம் என்ஃபீல்ட் பிரியர்களிடம் உண்டு. நன்றாகவே பலன் தருகிறது. லீ-என்ஃபீல்டின் நம்பர் 4 வகை ரைஃபிளில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு அளவுகளில் போல்ட் தலை உண்டு, மாற்றி ஹெட்ஸ்பேஸைக் குறைக்கலாம். ஆனால் அதைமட்டும் மாற்றிவிட்டுத் தோளைப் பழையபடியே பின்னே தள்ளிக்கொண்டிருந்தால் கூட்டின் ஆயுள் பெரிதாகக் கூடாது.

பெல்ட் உள்ள மேக்னம் கூடுகள்?

இதே கதை, வேறு உருவத்தில். 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவின் தோள் மிகச் சரிவானது. அதை நம்பிக் கூட்டை நிறுத்த முடியாது என்பதால் பெல்ட் தேவைப்பட்டது. 1962-இல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமும் 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னமும் நல்ல தோளுள்ளவை; பெல்ட் அங்கே மரபு என்ற அளவில்தான் நிற்கிறது. அந்த மரபின் விலை: பெல்ட் நிறுத்துவதால் தோளுக்கு முன்னே எவ்வளவு இடம் இருந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆகவே பெல்ட்டை மறந்துவிட்டு, விளிம்பில்லாத தோட்டாவைப் போலத் தோளையே அளந்து சைஸ் செய்யுங்கள்.

தானியங்கி ரைஃபிளில் சுட்ட கூடு ஏன் சீக்கிரம் நீள்கிறது?

உள்ளே அழுத்தம் முழுதும் இறங்குவதற்கு முன்பே எக்ஸ்ட்ராக்டர் கூட்டைப் பிடித்து இழுக்கத் தொடங்குவது ஒரு காரணம். எம்1 கேரண்ட், எம்14 வகைத் துப்பாக்கிகளில் இது பிரசித்தம். போதுமான இடைவெளி விடாமல் சைஸ் செய்தால் இன்னொரு ஆபத்து: போல்ட் முழுதாகப் பூட்டாத நிலையில் தோட்டா வெடித்துவிடலாம். அந்தத் துப்பாக்கிகளில் ஃபயரிங் பின் கட்டுப்பாடின்றி முன்னே ஓடி பிரைமரைத் தொடும் அமைப்பு உண்டு. ஆகவே இங்கே கூட்டின் ஆயுளைவிடக் கையும் கண்ணுமே முக்கியம். இடைவெளியைச் சற்றுக் கூடுதலாகவே விட்டு, கூடு சீக்கிரம் போவதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கழுத்தில் வெடிப்பு விழுகிறது. இதுவும் நீட்சியால்தானா?

இல்லை, இது வேறு நோய். கூட்டின் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். இந்தக் கலவையை எத்தனை தடவை நெருக்கி விரிக்கிறோமோ அவ்வளவு கடினமாகும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடிவதைப் போலத்தான். ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து விரிகிறது, டையில் சுருங்குகிறது, உருண்டையில் மறுபடி விரிகிறது. ஒருநாள் நீளவாக்கில் கீறல் விடும். பெரும்பாலும் ஆபத்தில்லை, அந்தக் கூட்டைக் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். உடலில் நீளவாக்கில் வெடித்தால் அது வேறு விஷயம்: கூட்டின் குறையோ சேம்பரின் குறையோ, பார்த்தாக வேண்டும்.

சுடாமலேயே கழுத்து வெடிப்பதும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தபோது, கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1921-இல் விளக்கினார்கள். அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷைக் கூட்டின் பக்கம் கொண்டுவராதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் பின்னணி.

அனீலிங் செய்தால் கூடு பிய்யாமல் இருக்குமா?

கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்கும் அனீலிங், கழுத்து வெடிப்புக்கு மருந்து. அடிக்கு மேலே மெலிந்துபோன சுவருக்கு அது எதுவும் செய்யாது. போன பித்தளையைச் சூடு திருப்பித் தருவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்தியே சொல்ல வேண்டும். கூட்டின் அடி வேண்டுமென்றே கடினமாகச் செய்யப்பட்டது; மூன்று டன்னைத் தாங்குவது அந்தக் கடினம்தான். அடிவரை சூடேறி மென்மையான கூடு, சுடும்போது பிளந்து முழு அழுத்த வாயுவையும் முகத்தை நோக்கி அவிழ்த்துவிடும். துப்பாக்கியே சிதறலாம். அடுப்பில் கூடுகளைக் கொட்டி ஒட்டுமொத்தமாகச் சூடாக்குவது பற்றி யாராவது பெருமையாகப் பேசினால், அவர் சுடும் இடத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். கழுத்தும் தோளும் மட்டும், சில நொடிகள் மட்டும், வெப்பநிலை காட்டும் பூச்சோ இயந்திரமோ வைத்துச் செய்ய வேண்டும்.

சுட்ட பிறகு பிரைமர் வெளியே துருத்தி நிற்கிறது. அழுத்தம் அதிகமா?

பெரும்பாலும் நேர் எதிர். பிரைமர் வெடிக்கும்போது அதுவே தன் குழியிலிருந்து பின்னே வந்து போல்ட் முகத்தில் சாய்ந்துகொள்கிறது. பிறகு அழுத்தம் ஏறி அடி பின்னே வரும்போது பிரைமரைத் திரும்பக் குழிக்குள் அமுக்கிவிடும். அழுத்தம் போதவில்லை என்றால் அடி பின்னே வராது. பிரைமர் துருத்தியபடியே நிற்கும். துருத்திய உயரம் ஏறக்குறைய உங்கள் இடைவெளியின் அளவு. கையில் கிடைத்த இலவச அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் அதிகமானால் தெரியும் அடையாளங்கள் வேறு: பிரைமர் தட்டையாகித் தன் வட்ட ஓரத்தை இழக்கும், அடியில் எஜெக்டர் துளையின் தடம் விழும், பிரைமர் குழி தளர்ந்து புதிய பிரைமர் இறுக்கமின்றி உட்காரும். குழி தளர்ந்த கூட்டைக் காப்பாற்ற முடியாது. மருந்து அளவையும் உடனே பரிசீலிக்க வேண்டும்.

அப்படியானால் மிகக் குறைந்த மருந்து போட்டால் கூடு நீண்டநாள் வருமா?

ஓரளவு குறைத்தால் வரும். மிகவும் குறைத்தால் வேறொரு வேடிக்கை நடக்கிறது: ஃபயரிங் பின்னின் குத்தும் பிரைமரின் வெடிப்பும் கூட்டை முன்னே தள்ளித் தோளைச் சிறிது பின்னே நசுக்குகின்றன, அதைத் திரும்ப முன்னே ஊதும் அளவுக்கு அழுத்தம் இல்லை. இப்படிப் பலமுறை சுட்ட கூட்டின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிவிடும். பிறகு அதே கூட்டில் முழு மருந்து ஏற்றினால், இல்லாத இடைவெளி ஒன்று உருவாகி அடி பிய்யும். குறைந்த மருந்துக்கென்று ஒரு தொகுதியைத் தனியாக வைத்து, அதிலேயே ஓட்டுவது நல்லது.

சேம்பரில் எண்ணெய் தடவினால் சுவர் ஒட்டாது, கூடு இழுபடாது என்கிறார்களே?

இயற்பியல் சரிதான். சுவர் ஒட்டவில்லை என்றால் கூடு முழுதாகப் பின்னே வழுக்கி வரும், நடுவில் இழுபடாது. இத்தாலியின் பிரெடா 30 இயந்திரத் துப்பாக்கி தோட்டாக்களுக்கு எண்ணெய் விட்டே சுட்டது. ஜெர்மன் ஜி3 ரைஃபிளின் சேம்பரில் நீளவாக்கில் வெட்டிய காடிகள் வழியே வாயு நுழைந்து, கூட்டைச் சுவரில் ஒட்டவிடாமல் மிதக்க வைக்கிறது; அதில் சுட்ட கூட்டில் கோடு கோடாகத் தழும்பு இருக்கும்.

ஆனால் சுவர் தாங்கிக்கொண்டிருந்த பங்கும் சேர்த்து இனிப் போல்ட்தான் வாங்கும். அதற்கென வடிவமைத்த துப்பாக்கிக்குச் சரி, உங்களுடையதற்கு வேண்டாம். சைஸ் செய்யத் தடவிய மசகையும் முழுதாகத் துடைத்துவிட்டே சுட வேண்டும். இடைவெளியைக் குறைப்பதில்தான் தீர்வு இருக்கிறது, எண்ணெயில் இல்லை.

ஒரு கூடு எத்தனை முறை வரும்?

ஒரே எண்ணைச் சொல்பவரை நம்ப வேண்டாம். தளர்வான சேம்பரில் சுட்டு, டையை அடிவரை இறக்கிச் சைஸ் செய்தால் மூன்று நான்கு முறையில் பள்ளம் தெரியலாம். அதே கூடு, மிதமான மருந்தும் அளந்த சைசிங்கும் கழுத்து அனீலிங்கும் கிடைத்தால் இருபதைத் தாண்டுவதும் உண்டு. கூடுகளைத் தொகுதியாகப் பிரித்து, எத்தனை முறை சுட்டது, எத்தனை முறை வெட்டியது என்று டப்பாவிலேயே எழுதி வையுங்கள். வெவ்வேறு வரலாறுள்ள கூடுகளைக் கலந்துவிட்டால், கலவையில் மிகப் பழையதன் ஆயுள்தான் எல்லாவற்றுக்கும் கணக்கு.

அடுத்தவர் சுட்ட கூட்டை எடுத்துப் பயன்படுத்தலாமா?

வரலாறு தெரியாத கூடு என்றால் நான் எடுப்பதில்லை. எடுப்பதானால் எல்லாவற்றிலும் கம்பி விட்டுப் பாருங்கள். இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட ராணுவக் கூடு என்றால் தொடாமல் விடுங்கள். ராணுவக் கூட்டின் சுவர் பலசமயம் கனம் கூடியது, உள்ளிடம் குறைவு; வழக்கமான மருந்து அளவே அதில் அதிக அழுத்தம் தரும்.

சுட்டதும் அடி மட்டும் வெளியே வந்தது, மீதி சேம்பரில் சிக்கிவிட்டது. இப்போது?

முதலில் இதை அறிய வேண்டும்: போல்ட்டை இழுத்ததும் வெளியே விழுவது குட்டையான ஒரு பித்தளைக் குப்பிதான். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைத் தள்ளினால் அது பாதியில் நின்றுவிடும். வேகமாகச் சுடும்போது பலத்தைக் காட்டி உள்ளே திணிக்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். மகசினைக் கழற்றி, குழல் முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி உள்ளே பாருங்கள்.

சிக்கிய துண்டை எடுக்க உடைந்த கூடு எடுப்பான் என்ற சிறு கருவி உண்டு. தோட்டா போல உள்ளே தள்ளி மூடி, போல்ட்டைத் திறந்தால் துண்டின் வாயைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். அது இல்லையென்றால், சற்றுப் பெரிய பித்தளைத் தூரிகையைப் பின்பக்கமாகச் சேம்பருக்குள் திணித்துவிட்டு, குழல் முனை வழியே கம்பியால் பின்னோக்கித் தட்டினால் பலசமயம் வந்துவிடும். உளியோ திருப்புளியோ வைத்துக் கிண்டினால் சேம்பரில் கீறல் விழும். பிறகு வரும் ஒவ்வொரு கூடும் அந்தக் கீறலில் மாட்டும்.

எடுத்த பிறகு சேம்பரின் பின்பகுதியில், கூடு பிய்ந்த இடத்துக்கு நேராக, வாயு அரித்த தடம் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் துப்பாக்கியைத் தேர்ந்த கன்ஸ்மித்திடம் காட்டி ஹெட்ஸ்பேஸையும் அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் சுடும் பழக்கம் இருந்தால் இந்த இடத்தில் விட்டுவிடலாம்: பிய்ந்த கூட்டிலிருந்து கசியும் வாயு போல்ட் வழியே பின்னே வரக்கூடும். அமெரிக்காவின் பழைய எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டில், ராணுவ அதிகாரி ஜூலியன் ஹேட்சரின் பெயரால் அழைக்கப்படும் துளை ஒன்றைப் பிற்காலத்தில் இடப்பக்கம் போட்டது அந்த வாயு சுடுபவரின் கண்ணை விட்டு வேறு வழியில் போகட்டும் என்பதற்காகத்தான்.

அதே தொகுதியில் மீதமிருக்கும் ஏற்றிய தோட்டாக்களைச் சுட வேண்டாம். குண்டை உருவி, மருந்தைக் கொட்டி, கூடுகளில் கம்பியை விட்டுப் பாருங்கள். கழித்த கூடுகளின் வாயை இடுக்கியால் நசுக்கிவிட்டே பழைய உலோக டப்பாவில் போடுங்கள். நசுக்காமல் விட்ட கூடு எப்படியோ திரும்பவும் நல்ல கூடுகளோடு வந்து சேர்ந்துவிடும்.